துப்பாக்கி மனுவுல நான் எழுதுன நாலு பொய்

1

மூணு பொய் வரைக்கும் பழனிச்சாமி மாமா பெருசா ஒண்ணும் சொல்லல. நாலாவது வந்தப்பதான் கைய நீட்டி, "அத இன்னொரு தடவ படி"ன்னாரு. அங்கருந்து வீட்டுக்கு நடந்து வந்தேனா ஓடி வந்தேனான்னு நெனப்பு இல்ல. ஒரு செருப்பு அங்கதான் கெடக்கு.

இப்ப மணி பன்னெண்டே கால். காலைல பத்து மணிக்கு ஆர்.ஐ. மேடம் எங்க ஊருக்கு வர்றாங்க, தாசில்தார் ஆபீஸ்லருந்து. அவங்க கையில நான் எழுதுன கதை ஒண்ணு இருக்கு. கதைன்னு அவங்களுக்குத் தெரியாது. மனுன்னு நெனச்சுட்டு இருக்காங்க.

நீங்க படிக்கிறது அந்தக் கதை இல்ல. அது கலெக்டர் ஆபீஸ் சீல் வச்சு பத்திரமா இருக்கு. இது, அத எழுதுனதால வந்த வெனை. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டோட பின்பக்கத்துல எழுதுறேன். பெரியம்மா எந்திரிச்சு வந்தா அந்தப் பக்கம் திருப்பி வச்சுக்கலாம்.

மொதல்ல இருந்து ஒழுங்கா ஆரம்பிக்கிறேன்.

2

ஆரம்பம் ஒண்ணு:

புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூர் தாலுகாவுல ஒரு அழகான கிராமம். அங்க இன்னாசின்னு ஒரு விவசாயி வாழ்ந்து வந்தா—

வேணாம். எங்க ஊரு அழகு கெடையாது. பாதி ஊரு சீமைக்கருவ.

ஆரம்பம் ரெண்டு:

டுமீல்னு ஒரு சத்தம். மரத்துல இருந்த மயிலெல்லாம் ஒரே நேரத்துல—

இதுவும் வேணாம். இந்தக் கதையில துப்பாக்கி வெடிக்காது. வெடிக்கும்னு காத்திருக்குறவங்க இப்பவே போயி தூங்கலாம். அது பத்தொம்போது வருசமா புதுக்கோட்டைல ஏதோ ஒரு ரூம்ல, கழுத்துல சீட்டு கட்டிக் கெடக்குது.

ஆரம்பம் மூணு:

எங்க பெரியப்பா ஒரு குற்றவாளி. இத எழுதும்போது அவரு வாங்கிக் குடுத்த பேனா என் கையில நடுங்குது.

மொத வரி உண்மை. ரெண்டாவது வரி புளுகு. பேனா மணிமேகலை அக்காவோட ஜெராக்ஸ் கடைல எடுத்துட்டு வந்தது, திருப்பிக் குடுக்கல. பாத்தீங்களா, ஒரு உண்மையச் சொன்னா ஒடனே பக்கத்துல ஒரு பொய்ய ஒக்கார வைக்கத் தோணுது எனக்கு. இந்தப் புத்தியாலதான் எல்லாம்.

3

சரி, நடந்தது.

இன்னாசி பெரியப்பா எங்க அப்பாவோட அண்ணன். அப்பா சிங்கப்பூர்ல வெல்டரு, அம்மா திருச்சில நர்ஸு, ஹாஸ்டல்ல தங்கி. அதனால நான் ஆறு வயசுலருந்து பெரியப்பா வீட்லதான். இப்ப பதினேழு. பேரு ஷர்லி.

பெரியப்பாகிட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்துச்சு. ஒத்தக் குழலு. மருந்தக் கொட்டி, குச்சியால இடிச்சுச் சுடுறது. கள்ளத் துப்பாக்கி இல்ல, லைசென்ஸு உண்டு. பயிர் பாதுகாப்பு லைசென்ஸுன்னு பேரு. கடலைக் காட்டுக்குள்ள பன்னி எறங்குனா வானத்தப் பாத்து ஒண்ணு போடுவாராம். (மயிலு வந்தா போட மாட்டாராம். விராலிமலைப் பக்கம் இருந்துக்கிட்டு மயில நோக்கிக் குழலத் திருப்புனா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும்.)

பக்கத்துக் காடு பழனிச்சாமி மாமாவோடது. சொந்தம் கெடையாது, நாங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க, அவங்க அய்யனாரு கும்புடுறவங்க. ஆனா பெரியப்பாவும் அவரும் சின்ன வயசுலருந்து மாப்ள, மச்சான்னு கூப்புட்டுக்குவாங்க, அதனால எனக்கு மாமா. ரெண்டு காட்டுக்கும் ஒரே கெணறு. ஒரு நாளு இவரு மொறை, ஒரு நாளு அவரு மொறை.

ரெண்டாயிரத்து ஆறு, சித்திரை மாசம். பெரியப்பா மொறை அன்னைக்கு மாமா அரை மணி நேரம் கூட மோட்டார ஓட்டிட்டாரு. மாமா சொல்றது, முந்துன நாளு கரண்டு போச்சு, அந்த அரை மணி எனக்குச் சேரணும். பெரியப்பா சொல்றது, கரண்டு போனா அது கரண்டுக்காரன் கணக்கு, என் கணக்கு இல்ல. ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டே இருக்கும்போது பெரியப்பா மம்முட்டிய எடுத்து, காம்பால அடிச்சுட்டாரு. மாமாவுக்குக் கை ரெண்டு எடத்துல ஒடஞ்சுச்சு. கேஸு நடந்து, பெரியப்பாவுக்கு ஒரு வருசம் திருச்சி ஜெயிலு. லைசென்ஸு ரத்து.

அந்த மாதிரி தண்டனை வாங்குனா, வெளிய வந்து அஞ்சு வருசம் துப்பாக்கியத் தொடக் கூடாதாம். அதுக்கப்பறம் கேக்கலாம். கேக்கலாம்னுதான் சட்டம், குடுக்கணும்னு இல்ல. பெரியப்பா வருசா வருசம் ஒரு திங்கக்கெழம பஸ் ஏறி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டு வருவாரு. வருசா வருசம் ஒரே வரியில பதில் வரும். பரிசீலிக்க இயலவில்லை. அப்படி பத்து இருக்கு, பெட்டிக்குள்ள, ஞானஸ்நான சர்டிபிகேட்டுக்கு அடில.

அந்தச் சித்திரைலருந்து ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. ஆனா கெணறு ஒண்ணுதான, பேசாம எப்படி? அதனால பெரியப்பா மோட்டார் ரூமப் பாத்துப் பேசுவாரு.

"ஏ மோட்டாரு, பதினோரு மணிக்கு நிக்கணும்னு ஒனக்கு யாரும் சொல்லித் தரலயா?"

மாமா அங்கிட்டு நின்னு மாட்டப் பாத்துச் சொல்லுவாரு. "அடியே, இன்னைக்கு கரண்டே ஒம்போதுக்குத்தான் வந்துச்சு. அது தெரியாமப் பேசுறவங்களுக்கெல்லாம் நீ வாயத் தொறக்காத."

மாடும் தொறக்காது. இது வரைக்கும் மூணு மாடு மாறிருச்சு, ரெண்டு மோட்டாரு மாறிருச்சு. பேச்சு மட்டும் மாறல.

4

இந்த வருசம் மனு எழுதுற வேல எனக்கு வந்துச்சு. பள்ளிக்கூடத்துல கட்டுரைக்கு ஒரு கப்பு வாங்கிருந்தேன், அதப் பாத்துட்டு பெரியப்பாவுக்கு ஒரு நம்பிக்க.

"நீங்க சொல்லுங்க பெரியப்பா, நான் எழுதுறேன்"னேன்.

அவரு தொண்டையக் கனச்சுக்கிட்டு சொன்னாரு. "பன்னி கடலையத் திங்கிது. துப்பாக்கியக் குடுங்க."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

"அன்னைக்கு அடிச்சதுக்கு வருத்தப்படுறேன்னு போடவா?"

அவரு கொஞ்ச நேரம் வேட்டில இருந்த ஒட்டுப்புல்ல ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டாரு. அப்பறம், "போட்டுக்க"ன்னாரு.

(இந்தப் போட்டுக்கவ ஞாபகம் வச்சுக்கங்க. ஆமா, வருத்தப்படுறேன், போட்டுக்கன்னு அர்த்தமா, இல்ல ஏதோ எழுதிட்டுப் போன்னு அர்த்தமா? நான் அப்ப கேக்கல. எழுதுற வேகத்துல எவன் கேப்பான்.)

பன்னி கடலையத் திங்கிதுன்னு எழுதுனா பதினோராவது பரிசீலிக்க இயலவில்லை வரும். அதனால எனக்குத் தெரிஞ்ச ஒரே மொறைல எழுதுனேன். பரீச்சைல கட்டுரை எழுதுற மொறை. முன்னுரை. உள்தலைப்பு. முடிவுரை. மாவட்ட ஆட்சியருக்குப் போற துப்பாக்கி மனுவுல உள்தலைப்பு போட்ட மொத ஆளு இந்தியாவுலயே நானாத்தான் இருக்கும். ஒரு தலைப்பு, கஜாப் புயலும் கருணை உள்ளமும். அடிக்கோடு வேற போட்டேன், பச்ச ஸ்கெட்சுல.

நாலு பொய் இதுதான்.

கஜாப் புயல் அடிச்ச ராத்திரி பழனிச்சாமி மாமா கொட்டகை சாஞ்சப்ப, இன்னாசி ஓடிப் போயி மாட்ட அவுத்துக் காப்பாத்துனாரு. அது ஒண்ணு.

இப்பல்லாம் ரெண்டு பேரும் கெணத்து மேட்டுல ஒண்ணா ஒக்காந்து டீ குடிக்கிறாங்க. ரெண்டு.

இன்னாசி ஒவ்வொரு ராத்திரியும் முழங்கால்ல நின்னு அந்தப் பாவத்துக்காக அழுவுறாரு. மூணு. (பெரியப்பாவுக்கு முட்டி வலி. கோயில்லயே ஒக்காந்துதான் இருப்பாரு.)

நாலாவது, பழனிச்சாமி அவர மன்னிச்சுட்டாரு. அதுக்கு ஒரு சீனே எழுதுனேன். ஒடஞ்ச வலது கையால இன்னாசியோட தோளத் தொட்டு, "மாப்ள, ஒடஞ்சது எலும்புதான், ஒறவு இல்ல"ன்னு சொல்றாரு. இந்த வசனத்த எழுதிட்டு நானே எந்திரிச்சு ரெண்டு தடவ நடந்தேன், அவ்வளவு பெருமை.

மணிமேகலை அக்கா கடைலதான் ஸ்கேன் பண்ணோம். அவங்க படிச்சுப் பாத்துட்டு, "ஏன்டி ஷர்லி, இது மனுவா, பத்திரிகைக்குப் போற தொடர்கதையா?"ன்னாங்க. சொல்லிக்கிட்டே மூக்க ஒறிஞ்சாங்க. அழ வச்சுட்டேன்ல, அந்தத் திமிருல பேனாவ எடுத்துட்டு வந்துட்டேன்.

5

பதில் வந்துச்சு. ஒரு வரி இல்ல, அரைப் பக்கம்.

மனுதாரர் குறிப்பிட்டுள்ள சம்பவங்கள் குறித்து, பாதிக்கப்பட்ட திரு. பழனிச்சாமி அவர்களை நேரில் விசாரித்து அறிக்கை அளிக்கப்படும்.

எனக்கு அந்தக் கடைசி வரிலயே கண்ணு நின்னுருச்சு. பெரியப்பா அதப் பாக்கவே இல்ல. "பாத்தியா, அரைப் பக்கம்"னு தெருவுல போறவங்க வர்றவங்க எல்லார்ட்டயும் காட்டுனாரு. நெலக் கதவுக்கு மேல ரெண்டு ஆணி அடிச்சாரு, துப்பாக்கி மாட்டுறதுக்கு. ஜெரால்டு அண்ணன், அவரு மகன், விராலிமலைல கம்பெனிக்குப் போறவன், ஆணியப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம பைக்க எடுத்துட்டுப் போயிட்டான்.

நான் மனுவோட ஜெராக்ஸ பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். மாட்டுனா ரெண்டு பேருமா மாட்டுவோம், அவருக்கும் தெரியட்டும்னு. அவரு கண்ண மூடி முழுசாக் கேட்டாரு. முடிஞ்சதும், "யாருடி இவன்?"னாரு.

"நீங்கதான் பெரியப்பா."

"நல்ல ஆளா இருக்கானே."

அவ்வளவுதான். கோவப்படல, சிரிக்கல, மாத்துன்னும் சொல்லல. கடலைக் காட்டுக்குப் போயிட்டாரு.

ஒரு கதாபாத்திரத்த எழுதுறவளுக்கு அவனப் பத்தி எல்லாம் தெரிஞ்சிருக்கணுமாம். எங்க தமிழ் மிஸ்ஸு சொல்லுவாங்க. எனக்கு இன்னாசியப் பத்தி எல்லாம் தெரியும், நாலு பக்கத்துல இருக்குற இன்னாசியப் பத்தி. இந்த வீட்ல இருக்குற இன்னாசி, அந்தக் கைய நெனச்சு ஒரு தடவையாவது வருத்தப்பட்டிருக்காரா? பதினோரு வருசம் ஒரே சட்டில சோறு தின்னுருக்கேன். தெரியல.

6

இன்னைக்கு சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன். வேற வழி இல்ல. நாளைக்கு அவரு ஒரு வாய் ஆமான்னு சொல்லிட்டா போதும்.

வாசல்ல மாமா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாரு. என்னையப் பாத்துட்டு மாட்டுகிட்ட சொன்னாரு, "அடியே, யாரோ வந்துருக்காங்க பாரு."

நானும் மாட்டுகிட்டயே சொன்னேன். "மாமாட்ட ஒரு விசயம் பேசணும்னு சொல்லு."

இருளாயி அத்த, அவரு சம்சாரம், உள்ளருந்து வந்துச்சு. "அவரு அடிச்சதுக்கு இந்தப் புள்ள என்ன பண்ணும்? அது அப்பப் பொறக்கவே இல்ல. நீ உள்ள வா."

உள்ள போயி எல்லாத்தையும் சொன்னேன். மாமாவுக்குப் படிக்க வராது. மருமக பிரகதீஸ்வரி அக்கா ஜெராக்ஸ வாங்கி சத்தமாப் படிச்சாங்க, செய்தி வாசிக்கிற மாதிரி. கஜாப் புயல் வந்துச்சு.

"இரு இரு"ன்னுச்சு அத்த. "மாட்ட அவுத்தது யாருன்னு போட்டிருக்கு?"

"இன்னாசி பெரியப்பான்னு இருக்கு அத்த."

"அடிப்பாவி. ஓடு மண்டைல விழுக, முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு நான் போயி அவுத்தேன். இவரு கட்டிலுக்கு அடில கெடந்தாரு. என் பேரு ஒரு எடத்துலயாச்சும் வருதா அதுல?"

பிரகதீஸ்வரி அக்கா நாலு பக்கத்தையும் தேடிப் பாத்துட்டு ஒதட்டப் பிதுக்குனாங்க.

"கட்டிலுக்கு அடிலன்னு அந்த ஆர்.ஐ.ட்ட சொல்லிராத"ன்னாரு மாமா.

டீ குடிக்கிற எடம் வந்துச்சு. "சீனி போட்டா, போடாமயா?"ன்னு மட்டும் கேட்டாரு. முழங்கால்ல நின்னு அழுவுற எடத்துல ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு லேசா தைரியம் வந்துச்சு. பிடிச்சுப் போச்சு போலருக்குன்னு நெனச்சேன். எழுதுறவளுக்கு அந்த ஆசை எங்க விடுது.

அப்பறம் அந்த மன்னிப்பு சீனு. அக்கா கொரல ஏத்தி எறக்கி நல்லாவே படிச்சாங்க.

"அத இன்னொரு தடவ படி."

படிச்சாங்க.

மாமா எடது கைய மடியில எடுத்து வச்சாரு. அது முட்டிக்குக் கீழ ஒரு எடத்துல வளஞ்சு சேந்திருக்கும். "மொதல்ல, ஒடஞ்சது எடது. நீ வலதுன்னு போட்டிருக்க."

"மாத்திர்றேன் மாமா."

"அது கெடக்கட்டும். இதுல வர்ற பழனிச்சாமி பெரிய மனசுக்காரனா இருக்கான். படிக்கக் கேட்டா சந்தோசமாத்தான் இருக்கு. ஆனா நான் மன்னிக்கலயே."

நான் அக்கா கையிலருந்து ஜெராக்ஸ வாங்கி மடிச்சேன்.

"பத்தொம்போது வருசம். குளுரு வந்தா இந்தக் கையி ராத்திரி பூரா குத்தும். மன்னிக்கிறதா வேணாமான்னு நானே இன்னும் முடிவு பண்ணல. அது ஒண்ணுதான் என் கையில இருந்துச்சு. நீ என்னைய ஒரு வார்த்த கேக்காம எனக்குப் பதிலா மன்னிச்சு, சீல் குத்தி, கலெக்டருக்கு அனுப்பிட்ட."

திட்டியிருந்தா கூட தேவல. அவரு மெதுவா, எனக்கு வெளங்கணும்னு சொல்ற மாதிரி சொன்னாரு.

"பொய் சொல்லச் சொல்றியா நாளைக்கு? சொல்லலாம். பன்னி என் காட்டையும்தான் மேயிது. துப்பாக்கிச் சத்தம் கேட்டா எனக்கும் லாபந்தான். ஆனா ஒண்ணு. அன்னைக்கு அவன் ஏன் மம்முட்டிய எடுத்தான்னு ஒனக்குத் தெரியுமா?"

"கையில இருந்துச்சு, எடுத்தாரு."

"துப்பாக்கி எங்க இருந்துச்சு?"

"ஸ்டேசன்ல." சொல்லிட்டுத்தான் யோசிச்சேன். லைசென்ஸு ரத்தானது கேஸு முடிஞ்சு. அதுக்கு முன்னாடியே அது எப்படி ஸ்டேசனுக்குப் போச்சு?

"எலெக்சன்"னாரு மாமா. "சட்டசபை எலெக்சன். தேதி அறிவிச்சா லைசென்ஸு துப்பாக்கி எல்லாத்தையும் கொண்டாந்து ஒப்படைக்கணும். எப்பவும் நடக்குறதுதான். அந்த வருசம் துப்பாக்கியத் தூக்கி சைக்கிள்ல கட்டி, அவன் கூட போயி ஸ்டேசன்ல குடுத்துட்டு வந்ததே நான்தான். வர்ற வழியில ரெண்டு பேரும் புரோட்டா தின்னோம். இருவது நாள் கழிச்சு இந்தக் கை ஒடஞ்சுச்சு."

அத்த எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருச்சு. இந்தப் பேச்ச அது பல தடவ கேட்டிருக்கும் போல.

"நான் ராத்திரி கை குத்தும்போதெல்லாம் ஒண்ணத்தான் நெனப்பேன்"னாரு மாமா. "எலெக்சன் இல்லாம, அந்தத் துப்பாக்கி மோட்டார் ரூம்ல எப்பவும் போல சாஞ்சிருந்தா, அவன் எத எடுத்திருப்பான்? எனக்குத் தெரியாது. நான் மாட்டு கூடத்தான் பேசிக்கிட்டு இருக்கேன். நீ அந்த வீட்டுல வளந்தவ. அவன் சோறு திங்கிறதப் பாக்குறவ, கோவப்படுறதப் பாக்குறவ. நீ சொல்லு. அவன் கையில அதக் குடுக்கலாமா? நீ என்ன சொல்றியோ அதத்தான் நாளைக்கு நான் அந்த மேடத்துகிட்ட சொல்லுவேன். குடுக்கலாம்னா, மன்னிச்சேன், டீ குடிச்சேன், எல்லாம் சொல்றேன். வேணாம்னா வேணாம்."

அப்பதான் செருப்ப விட்டுட்டு வந்தேன்.

7

சரி, முடிவு. மூணு வச்சிருக்கேன்.

முடிவு அ: நான் குடுக்கலாம்னு சொல்றேன். மாமா சொன்ன சொல்லக் காப்பாத்துறாரு. ஆர்.ஐ. மேடம் கண்ணத் தொடச்சுக்கிட்டு கையெழுத்துப் போடுறாங்க. துப்பாக்கி வீட்டுக்கு வருது. பன்னி ஓடுது. எல்லாரும் சொகமா— எத்தன நாளைக்கு?

முடிவு ஆ: நான் மேடத்துகிட்ட உண்மையச் சொல்றேன். பொய் மனு குடுத்ததுக்கு பெரியப்பா மேல இன்னொரு கேஸு. கையெழுத்து அவரோடது, எழுத்து என்னோடது. அவரு என்னையக் காட்டிக் குடுக்க மாட்டாரு. அதுதான் பயமா இருக்கு, ஏன்னா அவரப் பத்தி அது ஒண்ணு மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்.

முடிவு இ: காலைல பெரியப்பா தானா கெளம்பிப் போயி மாமா கையப் புடிச்சு மன்னிப்புக் கேக்குறாரு, மாடு உட்பட எல்லாரும் அழுவுறோம். தமிழ் மிஸ்ஸு இதுக்கு முழு மார்க்கு போடுவாங்க. நான் போட மாட்டேன். இதே புத்தியாலதான் மாட்டிருக்கேன்.

இதுல எதையும் எடுக்குறதுக்கு முன்னாடி, நான் மறச்ச ஒண்ண ஒங்ககிட்ட சொல்லணும். மனுவுலயும் எழுதல, மாமாகிட்டயும் சொல்லல, மேல மூணாவது பகுதில எழுதப் போயி விட்டுட்டேன்.

போன ஆடி மாசம். ஜெரால்டு அண்ணன் குடிச்சுட்டு வந்து பெரியம்மாவ ஒரு கெட்ட வார்த்த சொன்னான். பெரியப்பா மூலைல இருந்த மம்முட்டிய எடுத்துட்டாரு. தலைக்கு மேல தூக்கிட்டாரு. அவரு மூஞ்சி அப்ப எப்படி இருந்துச்சுன்னா—

எழுத வரல. எப்படியோ இருந்துச்சு.

தூக்குன கை அப்படியே நின்னுச்சு. நான் எண்ணல, ஆனா வெளிய யாரோ பைக்க ஸ்டார்ட் பண்ணி, அது கெளம்பி, தெரு முக்குத் திரும்புற வரைக்கும் நின்னுச்சு. அப்பறம் மெதுவாக் கீழ வச்சாரு. எடுத்த எடத்துலயே, செவுத்துல சாச்சு வச்சாரு. வெளிய போயி திட்டுல ஒக்காந்து கைய ரெண்டு தொடைக்கு நடுவுல வச்சு அமுக்கிக்கிட்டாரு.

இத எப்படி எழுதுறது? தூக்குனாருன்னு முடிச்சா ஒரு ஆளு. கீழ வச்சாருன்னு முடிச்சா வேற ஆளு. ரெண்டும் ஒரே நிமிசத்துல நடந்துச்சு. மம்முட்டியத் தூக்கி நிறுத்தி யோசிக்கலாம், அதுக்கு நேரம் இருக்கு. துப்பாக்கிய நிறுத்தி யோசிக்க முடியுமா? எனக்குத் துப்பாக்கியப் பத்தி ஒண்ணும் தெரியாது. எங்க காலத்துல அது வீட்ல இருந்ததே இல்ல.

8

எழுதிக்கிட்டு இருக்கும்போதே எந்திரிச்சு வெளிய போயிட்டு வந்தேன். இந்தப் பகுதிய இப்பதான் வந்து எழுதுறேன், கால்ல சேறு.

பெரியப்பா கடலைக் காட்டுல தகரம் தட்டிக்கிட்டு இருந்தாரு. அறுப்புக்குப் பதினஞ்சு நாள் இருக்கு, ராத்திரி காவலு. டார்ச்ச அடிச்சதும், "யாரு"ன்னாரு.

"நான்தான்."

"பன்னி வர்ற நேரம். இங்கிட்டு என்னத்துக்கு வந்த?"

"ஒண்ணு கேக்கணும் பெரியப்பா. அன்னைக்கு எலெக்சன் இல்லாம, துப்பாக்கி மோட்டார் ரூம்ல இருந்திருந்தா நீங்க எத எடுத்திருப்பீங்க?"

தகரம் நின்னுச்சு.

"யாரு கேக்கச் சொன்னா?"

"பழனிச்சாமி மாமா கேட்டாரு."

"மாட்டையா?"

"இல்ல. என்னையத்தான்."

பூச்சிச் சத்தந்தான். இந்த எடத்துல அவரு சொன்னதா மூணு வசனம் எழுதிப் பாத்தேன்.

"மம்முட்டியத்தான்டி எடுத்திருப்பேன், அவன் என் மாப்ள—"

"அதத் தெரிஞ்சுக்கத்தான் இத்தன வருசம் கேட்டுக்கிட்டு இருக்—"

"துப்பாக்கியத்தான்."

மூணையும் அடிச்சுட்டேன். மூணுமே நல்லா இருக்கு. மூணுமே அவரு சொல்லல. இந்தத் தடவ சொல்லாதத எழுதக் கூடாதுன்னு வச்சிருக்கேன்.

அவரு சொன்னது, டார்ச்ச அணைக்கச் சொல்லிட்டு, இருட்டுல நின்னு, "அதுக்கு நீ என்னடி சொன்ன?"

அந்தக் கொரல நான் இதுக்கு முன்னாடி கேட்டதில்ல. ரிசல்ட்டு பாக்க நிக்கிற புள்ளைங்க கொரலு மாதிரி இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலன்னேன். "ம்"னாரு. கொஞ்சம் கழிச்சு தகரம் திரும்பவும் ஆரம்பிச்சுச்சு, முன்ன விட மெதுவா.

இப்ப மணி ரெண்டு ஆகப் போவுது. பத்து மணிக்கு ஆர்.ஐ. மேடம் வருவாங்க. அதுக்கு முன்னாடி மாமா வாசல்ல போயி நின்னு நான் ஒரு வார்த்த சொல்லணும். கலெக்டர் ஆபீஸுக்கு நாலு பக்கந்தான் தெரியும். மாமாவுக்கு அந்தக் கை தெரியும். ஒங்களுக்கு இப்ப ஆடி மாசம் நடந்ததும் தெரியும், தகரம் நின்னதும் தெரியும். அதனால ஒங்களையே கேக்குறேன், எனக்கு நெசமாவே தெரியல. எங்க பெரியப்பா கையில அதக் குடுக்கலாமா?